சுமை தாங்கும் பொருளும் உயிர் காக்கும் கடனும்

ஒரு மரச்சாமானை எந்தப் பொருளால் செய்விப்பது என்பது தச்சரிடம் கேட்க வேண்டிய வினா. அறநூல் கற்றோரிடம் கேட்க வேண்டியதன்று என்று பலரும் கருதுவர். பெரும்பாலான சாமான்களுக்கு அஃது உண்மையே. நாற்காலியின் கால் ஆடினால் அமர்ந்திருப்பவர் எழுந்து கொள்வார். அலமாரியின் தட்டு தொய்ந்தால் நூல்களை இறக்கி வைத்துவிடலாம். ஆனால் தாங்கப்படுவது உயிராக இருந்து, அவ்வுயிர் தன்னைத் தாங்குவது யாதென்று அறியவும் மாட்டாமல், அறிந்து விலகவும் மாட்டாமல் இருக்குமாயின், அப்பொழுது பலகையின் தரமும் இணைப்பின் தரமும் அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன என்பது எம் கருத்து. கடல்நீர் மீன்தொட்டிக்கெனச் செய்யப்படும் தாங்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றிலும் இன்று மீன்தொட்டிகள் காணப்படுகின்றன. நன்னீர் மீன்களோடு நில்லாமல், கடல்நீரை ஒத்த உப்புநீரைச் செய்து, அதில் கடல்மீன்களை வளர்க்கும் விருப்பமும் பரவியுள்ளது. இத்தகைய தொட்டிகள் பெரியவை. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்டாண்டுகள் இவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆதலால் அளவெடுத்துச் செய்விக்க வேண்டியுள்ளது. மரமா, இரும்பா, பிளைவுட்டா, எவர்சில்வரா என்ற வினா அங்கே எழுகின்றது. உறவுமுறைப் பேரன் ஒருவன் எம்மிடம் இப்படிக் கேட்டான்: "பாட்டி, வளர்க்கக் கூடாது என்பீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் மீன்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. இனி என்ன செய்வது என்று சொல்லுங்கள்." இவ்வினாவில் குறும்பும் உண்டு; நேர்மையும் உண்டு. நேர்மைக்கே விடை கூற விரும்புகிறோம்.

இரண்டு விடைகள் உடனே தோன்றும். முதலாவது, "பொருளைத் தேர்வது தொழில் நுட்பம்; அதில் அறம் எங்கே வந்தது?" என்பது. இரண்டாவது, "மீனைச் சிறைப்படுத்துவதே தவறு, தவறான செயலுக்கு நல்ல பலகை எது, தீய பலகை எது என்று ஆராய்வது வீண்" என்பது. முதல் விடை அறத்தைக் குறுக்குகின்றது. இரண்டாம் விடை அறத்தை உயர்த்துவது போல் தோன்றினும், உயிர்களைக் கைவிடுகின்றது. இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. ஏனென்பதை முறையாகக் கூறுவோம்.

சிறைப்படுத்துதல் பற்றி

முதலில் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் அஹிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டது கட்டிவைத்தலே. கண்ணாடிச் சுவருக்குள் ஒரு கடல்மீனை அடைப்பது இதனுள் அடங்காது என்று வாதிட எம்மால் இயலவில்லை. ஆதலால் இன்னும் வாங்காதவர்க்கு எம் சொல் ஒன்றே: வாங்க வேண்டாம்.

இதற்கு நூல்வழிக் காரணம் மட்டுமன்று. நிகழ்ச்சிவழிக் காரணமும் உண்டு. 1846-இல் அன்னா தின் என்ற ஆங்கிலேய மாது பவள உயிர்களைக் கடற்கரையிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுவந்து கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக அவர் வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் நெடுநேரம் அந்நீரைக் கலம் மாற்றிக் கலம் ஊற்றி ஆற்ற வேண்டியிருந்தது. 1853-இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் மக்கள் காணும் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை அறிஞர் இக்கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்; அது வீட்டுக்கு வீடு பரவியது. அதன் விளைவு என்ன? கடலோரப் பாறைக் குட்டைகளிலிருந்த உயிர்களை மக்கள் கூட்டங்கூட்டமாய் வந்து அள்ளிச் சென்றனர். அக்குட்டைகள் வெறுமையாயின என்பதையும், அதற்குத் தம் நூலே வழிவகுத்ததென்று தந்தையார் வருந்தியதையும் அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்துள்ளார். அழகை நேசித்தவரே அழகின் அழிவுக்குக் காரணமானார். நேசம் மட்டும் போதாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இன்றும் கடல்நீர்த் தொட்டிகளில் வாழும் மீனினங்களுள் மிகப் பல கடலிலிருந்து பிடிக்கப்படுபவையே. கோமாளி மீன் போன்ற சில இனங்களே தொட்டியில் இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. நம் நாட்டில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துள்ளனர். பவளப் பாறைகளும் கடற்குதிரைகளும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புப் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் கடல்வாழ் உயிர்களுக்கான தேசியப் பூங்காவாக்கப்பட்டது. தொட்டியை அழகுசெய்ய அங்கிருந்து பவளம் எடுப்பது அறத்துக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் மாறானது.

விடுவிப்பது தீர்வாகாதா?

"அப்படியாயின், வந்துவிட்ட மீன்களைக் கடலில் விட்டுவிடலாமே, அது அபயதானம் ஆகாதா?" என்று அன்பர்கள் வினவலாம். உள்ளம் நெகிழ்ந்த வினா இது. ஆயினும் ஆராயாமல் செய்யும் தயை தீங்காய் முடிவதும் உண்டு. இந்தோ-பசிபிக் கடல்களுக்கு உரிய சிங்கமீன் 1985-இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையருகே காணப்பட்டது. மீன்தொட்டி வைத்திருந்தோர் கடலில் விட்டவையே இதற்கு மூலம் என்று அறிஞர் கருதுகின்றனர். அங்கே அதனை அடக்கும் இயற்கைப் பகை இல்லாமையால் அது பெருகிக் கரீபியக் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறுமீன்களைத் தின்று வருகின்றது. ஒன்றைக் காக்க நினைத்த கை எண்ணற்றவற்றுக்குத் துன்பம் விளைத்தது. வேற்றுக்கடலில் பிறந்த மீனையும், தொட்டியிலே பிறந்த மீனையும், தொட்டியின் நோயைச் சுமந்திருக்கக்கூடிய மீனையும் நம் கடலில் விடுதல் தகாது.

ஆகவே வந்துவிட்ட மீன் அதன் வாழ்நாள் முழுவதும் நம் பொறுப்பு. அந்த வாழ்நாள் எவ்வளவு? நன்கு பேணப்பட்ட கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. தாங்கி பற்றிய வினாவுக்குத் திறவுகோல் இங்கேதான் இருக்கின்றது. ஐந்தாண்டில் உளுத்துவிடும் பொருளால் தாங்கி செய்விப்பவர், இருபதாண்டு வாழக்கூடிய உயிரின் நாளை, அதனைக் கேளாமலே, குறைக்கத் துணிகிறார். பணம் மிச்சமாவது அவருக்கு. நாள் குறைவது மீனுக்கு. ஒருவர் ஆதாயம் பெற மற்றொருவர் இடர் சுமக்கும் இடத்தில் அறம் பேசாதிருக்குமோ?

சுமையின் கணக்கு

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முதற்பாடம். ஆகவே கணக்கைச் சிறிது பார்ப்போம். நீளம் 120, அகலம் 45, உயரம் 60 செ.மீ. உடைய தொட்டியின் கொள்ளளவு 324 லிட்டர். விளிம்புவரை நிரப்பாமல் 300 லிட்டர் ஊற்றுவதாகக் கொள்வோம். கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ எடை உள்ளது. ஆக நீர் மட்டும் 307 கிலோ. 12 மி.மீ. கண்ணாடியால் ஆன தொட்டி ஏறத்தாழ 75 கிலோ. மணலும் கல்லும் 60 கிலோ. மொத்தம் 440 கிலோவுக்கு மேல். ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் ஒன்பதை ஒரு மேசைமேல் அடுக்கி, இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில் இறக்காமல் வைத்திருப்பதற்கு இஃது ஒப்பாகும். கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியின் நீரையும் தாங்கியின் எடையையும் சேர்த்தால் தரைமீது விழுவது 550 கிலோவைத் தாண்டும். வீட்டு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றே பொதுவாகப் பளு கணக்கிடுவர். மாடி வீட்டில் இருப்போர் சுவரையும் உத்தரத்தையும் ஒட்டி வைக்கவும், பொறியாளரைக் கேட்டுச் செய்யவும் வேண்டும். கீழ்வீட்டில் உறங்கும் குழந்தையும் நம் தேர்வை அறியாத ஓர் உயிரே.

எடையோடு உப்பும் சேர்கின்றது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு உண்டு. 300 லிட்டரில் பத்து கிலோவுக்கு மேல். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தெறித்த துளிகள் உலர்ந்து, தொட்டியின் விளிம்பிலும் தாங்கியின் மூலைகளிலும் வெண்படலமாய்ப் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே தாங்கிக்கு இருவகைச் சோதனை உண்டு: எடை என்னும் சோதனை, உப்பு என்னும் சோதனை. முதற் சோதனை முதல் நாளே நிகழ்ந்துவிடும். இரண்டாவது மெல்ல, மறைவாக, பல ஆண்டு நிகழும். மனிதரும் பொருளும் பெரும்பாலும் தோற்பது இரண்டாவதில்தான்.

பொருள்களின் குணமும் குறையும்

மரத்தூளையும் சில்லையும் பசையிட்டு அழுத்திய பலகையைப் பார்ட்டிகிள் போர்டு என்பர். விலை மலிவு, மேலே மைக்கா ஒட்டினால் தேக்கின் தோற்றமும் வந்துவிடும். ஆனால் விளிம்பு வழியே நீர் புகுந்தால் உப்பிவிடும்; உலர்ந்தாலும் பழைய உறுதி திரும்பாது. திருகாணி பற்றிய இடம் தூளாய் உதிரும். உலர்ந்த அறையில் துணி அடுக்க இது போதும். நீரைத் தாங்க ஆகாது. மைக்கா ஒட்டியதால் கேடு வெளியே தெரியாமல் உள்ளே வளர்வதே இதன் பெருங்குறை.

பிளைவுட்டில் தரம் பல. ஐ.எஸ். 710 என்னும் முத்திரை கடல்சார் பயனுக்குரிய பிளைவுட்டைக் குறிக்கும். அதன் ஒட்டுப் பசை 72 மணி நேரம் நீரில் கொதிக்கவைத்துச் சோதிக்கப்படுகின்றது. வெறும் ஈரத்தைச் சிறிது பொறுக்கும் தரமும் அதே தடிமனில், அதே நிறத்தில் கிடைக்கும். இரண்டையும் மைக்காவுக்கு உள்ளே மறைத்துவிட்டால் வாங்கியவர் அறிய வழியில்லை. மேலும், உயர்ந்த பிளைவுட்டாயினும் அறுத்த விளிம்புகளை அடைத்துப் பூசாவிடில் பயன் குறையும்.

மரத்தில் வைரம் வேறு, வெளிறு வேறு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தேக்கின் வைரப்பகுதியில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரத்தையும் கரையானையும் தாங்கும். அதே தேக்கின் வெளிறு தாங்காது. ரப்பர் மரம் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகும். எந்த மரமாயினும் நெடுநாள் சுமையில் மெல்ல மெல்லத் தொய்வது அதன் இயல்பு. பள்ளி நூலகங்களில் நடுவில் வளைந்த தட்டுகளைக் காணாத ஆசிரியர் இலர். நூலுக்கு அவ்வளைவால் தீங்கில்லை. கண்ணாடித் தொட்டியின் அடி சமமின்றி அமர்ந்தால் அதன் மூலைகளும் ஒட்டுகளும் இழுபடும், ஒருநாள் விண்டுவிடும். ஆதலால் குறுக்குச் சட்டம் தடித்ததாகவும், தாங்கும் கால்கள் நெருங்கியவையாகவும் இருத்தல் நன்று.

இரும்புச் சட்டம் எடையை எளிதாகத் தாங்கும், கரையான் அரிக்காது. அதன் பகை உப்பு. துரு தான் தின்ற இரும்பைவிட இருமடங்குக்கு மேல் இடம் கொள்ளும். ஆதலால் பூச்சைத் தானே பிளந்துகொண்டு முன்னேறும். சதுரக் குழாயாயின் உள்ளிருந்து துருப்பிடிப்பதும் உண்டு. வெல்டிங் செய்த இடங்களைத் தேய்த்துத் தூய்மை செய்து, குழாயின் வாய்களை மூடி, அடிப்பூச்சும் மேற்பூச்சும் முறையாக இட்டு, கீறல் விழுந்தவுடன் மீண்டும் பூசுவோர்க்கு இரும்பு நல்ல பொருள். ரெட் ஆக்ஸைடு ஒருகை பூசிக் கறுப்பு வண்ணம் தெளித்து முடிப்போர்க்கு அன்று.

எவர்சில்வர் என்னும் பெயர் என்றும் மாறாதது என்ற எண்ணத்தைத் தருகின்றது. அடுக்களையில் அது பெரும்பாலும் மெய்யாகும். 304 என்னும் வகையில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் உண்டு. ஆயினும் கடலுப்பு அதனைப் புள்ளிப்புள்ளியாய்த் துளைக்கும். 316 வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்திருப்பதால் அது மேலும் தாங்கும், விலையும் மிகுதி. அலுமினியம் தன்மீது தானே ஒரு காப்புப்படலம் போர்த்திக்கொள்ளும். ஆனால் எவர்சில்வர்த் திருகாணியோடு உப்பீரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். தனித்தனியே நல்லவை இரண்டு சேர்ந்து தீங்கு செய்வதும் உலகில் உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இப்பொருள்களுள் எதுவும் குற்றமற்றதன்று. மரத்துக்கு ஒரு மரம் வீழ வேண்டும். உலோகத்துக்கு மண் அகழப்பட வேண்டும். ஆதலால் "தீங்கில்லாத பொருள் எது?" என்று கேட்டால் விடை கிடையாது. "எப்பொருளைக் கொண்டால், ஒருமுறை செய்ததே நெடுநாள் நின்று, மீண்டும் வெட்டவும் மீண்டும் அகழவும் வேண்டாதிருக்கும்?" என்று கேட்டால் விடை கிடைக்கும். மலிந்ததை மூன்றுமுறை செய்விப்பவர் உயர்ந்ததை ஒருமுறை செய்விப்பவரைவிட மிகுதியாக அழிக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத சேர்க்கைகள்

முதன்மைப் பொருளைத் தேர்ந்தபின் சிறு பொருள்களை மறந்துவிடுகிறோம். பழைய தச்சுவேலையில் வச்சிரம் என்னும் பசை வழங்கியது. அது விலங்கின் தோல் முதலியவற்றைக் காய்ச்சி எடுப்பது. மெருகுக்கு அவலரக்கு வழங்கியது. அரக்குப் பூச்சிகளின் அழிவில் கிடைப்பது. அரக்கு வாணிகத்தைச் சிராவகர் விலக்க வேண்டிய தொழில்களுள் ஒன்றாக நம் பெரியோர் வைத்தனர். இங்கே ஒரு வியப்பு: வச்சிரம் ஈரத்தில் இளகிவிடும், அரக்கு மெருகு நீர்பட்டால் வெளுத்துப் போகும். அறம் விலக்குவதைத் தொழிலும் இங்கே விலக்குகின்றது. எப்போதும் இப்படி இரண்டும் ஒத்துப்போகும் என்று எண்ணிவிடலாகாது. ஒத்துப்போகாத இடத்தில்தான் விரதத்துக்கு வேலை உண்டு.

மரம் உளுக்காதிருக்கச் செம்பு கலந்த மருந்தூட்டுவது வழக்கம். அச்செம்பு மிகச் சிறிதளவு தொட்டிநீரில் கலந்தாலும் இறால், நத்தை, பவளம் முதலிய முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சாகும். நீர்த்துளி திரும்பித் தொட்டியில் விழக்கூடிய இடத்தில் பித்தளை ஆணியும் ஆகாது. வண்ணமும் வார்னிஷும் நன்கு உலர்ந்து மணம் நீங்கிய பின்னரே தொட்டியை ஏற்ற வேண்டும். நாற்புறமும் அடைத்த பெட்டித் தாங்கியில் ஈரம் தங்கும், பூஞ்சை படரும், கரப்பான் சேரும், பின் அவற்றைக் கொல்ல மருந்து தெளிப்போம். முதலிலேயே காற்று உலவும்படி திறந்து செய்துவிட்டால் கொல்ல வேண்டிய நிலையே நேராது. தீங்கு நேர்ந்தபின் வருந்துவதைவிட, தீங்குக்கு இடமின்றி அமைப்பதே சிராவகர் நெறி.

செய்தல், செய்வித்தல், உடன்படல்

ஒரு தீங்கைத் தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என்ற மூன்றுக்கும் வினை உண்டு என்பது நம் கொள்கை. தாங்கி செய்விப்பதில் இம்மூன்றையும் காணலாம். தரம் குறைந்த பலகையை உள்ளே வைத்து மைக்காவால் மூடும் தச்சர் செய்தவர். "அவர் ஐயாயிரம் குறைத்துச் சொன்னாரே, நீர் ஏன் குறைக்கமாட்டீர்?" என்று பேரம் பேசி, எந்த விலைக்கு நேர்மையான வேலை இயலாதோ அந்த விலைக்கு அவரைத் தள்ளிய வீட்டுக்காரர் செய்வித்தவர். "வெளியே அழகாக இருந்தால் போதும்" என்று தலையசைத்த வீட்டார் உடன்பட்டவர். தாங்கி சரிந்தநாளில் மூவரும் ஒருவரையொருவர் சுட்டுவர். மீன் எவரையும் சுட்டாது.

எனவே செய்விப்போர் கடமை யாது? எதை எங்கே இடுகிறார் என்பதைத் தச்சரிடம் எழுதிக் கேட்டுப் பெறுக. மைக்கா ஒட்டுவதற்கு முன் பலகையைச் சென்று காண்க. நேர்மையான கூலியைக் கொடுக்க இயலாவிடில் தொட்டியின் அளவைக் குறைக்க. கூலியைக் குறைக்க வேண்டாம். இவையெல்லாம் ஐயத்தால் செய்பவை அல்ல; உழைப்பவர் நேர்மையாய் இருக்க நாம் இடம் கொடுப்பதே ஆகும்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்களின் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரண்டு கல் நின்று, ஒரு கல் குறுக்கே கிடக்கும். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்களின் நினைவாக, வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கி இளைப்பாற அவற்றை நட்டனர். குறுக்குக் கல்லின் எடை நிற்கும் கற்களின் தலைமீது நேராக அமர்கின்றது, ஆணியில் தொங்கவில்லை. தொட்டித் தாங்கிக்கும் இதுவே விதி. மேற்சட்டம் கால்களின் தலைமீது அமர வேண்டும். பக்கவாட்டில் திருகாணியால் பற்றித் தொங்கலாகாது. நேர்ச்சுமையைப் பெரும்பாலான தாங்கிகள் தாங்கிவிடும். பக்கவாட்டு அசைவில்தான் சரியும். ஆகவே பின்புறத்தில் பலகையோ மூலைவிட்டச் சட்டமோ இருத்தல் வேண்டும். மேற்பரப்பு மட்டமாக இருத்தலும், சிறு மேடுபள்ளத்தைச் சமன்செய்யத் தெர்மோகோல் தகடு இடுதலும் நன்று.

இது உடன்பாடு ஆகாதா?

இனி, கடினமான வினாவுக்கு வருகிறோம். மீனை அடைப்பது தகாது என்று கூறிய நாமே, அடைப்பதற்கான தாங்கியை நன்றாகச் செய்யச் சொல்வது உடன்படல் ஆகாதா? நல்ல தாங்கி கிடைத்த துணிவில் அவர் மேலும் பெரிய தொட்டியை நாடினால் அந்த வினையில் எமக்குப் பங்கில்லையா?

பங்கு உண்டாகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு செயலுக்கு உடன்படுதல் வேறு. அச்செயலால் நம்முன் வந்து நிற்கும் உயிருக்குக் காவலாதல் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு: நம் சொல்லால் கடலில் மற்றொரு மீன் பிடிபடுமா, அல்லது பிடிபட்ட மீன் மடியாதிருக்குமா? முன்னதாயின் உடன்பாடு, பின்னதாயின் காவல். ஆகவே எம் அறிவுரையை ஒரு நிபந்தனையோடு கூறுகிறோம். இருக்கும் மீன்களுக்கு ஏற்ற அளவில் தாங்கியை உறுதியாகச் செய்க. ஒரு மீன் தன் நாள் முடிந்து மடிந்தால் அதற்கு மாற்றாக மற்றொன்று வாங்குவதில்லை என்று உறுதி கொள்க. தொட்டி வெறுமையாகும் நாளில் அத்தாங்கியில் நூல்கள் அமரட்டும். பொருள் வீணாகாது, விரதமும் நிறைவேறும்.

பேரனுக்கும் இதையே கூறினோம். முதற்பகுதியை உடனே ஏற்றான். இரண்டாம் பகுதிக்கு, "யோசிக்கிறேன் பாட்டி" என்றான். யோசிப்பதாவது தொடங்கியதே என்று கொண்டோம்.

"உயிரற்ற பலகைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்பார்க்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். 2022 டிசம்பர் 16 அன்று அதிகாலையில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு விடுதியின் கூடத்தில் இருந்த மாபெரும் கடல்நீர்த் தொட்டி வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 10 இலட்சம் லிட்டர் நீர் கொட்டியது. அதில் இருந்த சுமார் 1,500 மீன்களுள் பெரும்பாலானவை மடிந்தன. மனிதர் இருவர் காயமுற்றனர். வல்லுநர் ஆராய்ந்தும் காரணம் இதுவே என்று உறுதியாகக் கூற இயலவில்லை. அங்கே உடைந்தது தாங்கியன்று, தொட்டியே. ஆனால் பாடம் ஒன்றுதான். பெரும் பொருட்செலவும் பெரும் அறிவும் இருந்த இடத்திலும், அடைபட்ட உயிர் தப்பிச் செல்ல வழியில்லை. விடியுமுன் நேர்ந்தமையால் அக்கூடத்தில் மனிதர் மிகுதியாக இல்லை. மீன்களோ எந்நேரமும் அங்கேதான் இருந்தன.

தொகுத்துக் கூறின்: இன்னும் தொடங்காதவர் தொடங்க வேண்டாம். தொடங்கிவிட்டவர் மீனின் வாழ்நாளைவிட நெடிதாக நிற்கும் பொருளைத் தேர்க. காணும் பகுதியின் அழகுக்கு ஒதுக்கும் பணத்தைக் காணாப் பகுதியின் உறுதிக்கு முதலில் ஒதுக்குக. நஞ்சு கலந்ததையும், பிற உயிரின் அழிவில் வந்ததையும் விலக்குக. ஆண்டுக்கு இருமுறையேனும் கீழே குனிந்து, மூலைகளையும் இணைப்புகளையும் துடைத்துப் பார்க்க. தம்மைத் தாங்குவது எது என்று அறியாமல் நம்மை நம்பி நீந்தும் உயிர்களுக்கு, அறிந்தவர் செய்யும் கடன் இவ்வளவே. இதனைச் செய்ய மனமில்லாதவர்க்குத் தொட்டி வேண்டாம்.